சுருட்டு விரிசலோடு வந்தால் செய்யக் கூடாதவை

பார்சலைப் பிரித்ததும் தெரிந்துவிட்டது. பத்துச் சுருட்டுகளில் மூன்றுக்குப் பற்றவைக்கும் பக்கமான அடிமுனையில் நீளவாக்கில் விரிசல். இன்னொன்றின் மேலிலை, லேபிள் பட்டைக்குச் சற்றுக் கீழே பிளந்து, உள்ளே இருக்கும் இலை எட்டிப் பார்த்தது. பெட்டியின் மூலையில் புகையிலைத் தூள். வந்த கோபத்தில் நான் செய்த முதல் காரியம், மற்றவை எப்படி இருக்கின்றன என்று ஒவ்வொன்றாக எடுத்து விரலால் அமுக்கிப் பார்த்தது. காலடியில் சருகு மிதிபட்ட மாதிரி ஒரு சத்தம். நான்கு ஆறாகிவிட்டது.

அதோடு விட்டேனா என்றால் இல்லை. மீதியையாவது காப்பாற்றலாம் என்று அன்றைக்கே சுற்றியுள்ள காற்றை 72 சதவீத ஈரத்தில் நிறுத்திவைக்கும் ஈரப்பதப் பை ஒன்றைப் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூடினேன். சில நாள் கழித்துத் திறந்தால் இன்னும் இரண்டு, முனையில் பூ விரிந்த மாதிரி வெடித்திருந்தன. வழியில் கெட்டது நான்கு, வீட்டுக்கு வந்தபின் என் கையால் கெட்டது நான்கு. விற்றவரைத் திட்டிக் கடிதம் எழுத உட்கார்ந்தபோதுதான் இந்தக் கணக்கு உறைத்தது.

ஏன் வெடிக்கிறது

கையால் சுற்றிய சுருட்டுக்கு மூன்று பகுதி. நடுவில் மடித்து வைத்த உள்ளிலைகள், அவற்றைச் சேர்த்துப் பிடிக்க ஒரு கட்டு இலை, எல்லாவற்றுக்கும் மேலே மேலிலை. மூன்றிலும் மெல்லியது இந்த மேலிலைதான். அதை இழுத்துப் பிடித்துச் சுற்றியிருப்பார்கள். புகையிலை காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி உப்பும்; காற்று காய்ந்தால் ஈரத்தை விட்டுச் சுருங்கும். வெளியே இருப்பதால் மேலிலைதான் முதலில் காயும், முதலில் சுருங்கும். உள்ளே இருப்பது அதே வேகத்தில் சுருங்காது. சட்டை சிறுத்துப்போய் உடம்பு அப்படியே இருந்தால் என்ன ஆகும்? தையல் விடும்.

பனிக்காலத்தில் வரும் பார்சல்களில் இது அதிகம். பூஜ்ஜியம் டிகிரிக் காற்றில் அது தாங்கும் அளவு ஈரம் முழுக்க இருந்தாலும், அதே காற்றை ஒரு கிடங்கிலோ வீட்டிலோ 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் ஏறத்தாழ 25 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சுருட்டுக்கு வேண்டியதோ 65 முதல் 70. செல்லோஃபேன் உறை இருக்கிறதே என்று கேட்கலாம். அது உரசலைத் தாங்கும், ஈரத்தைத் தடுக்காது. காற்றும் ஈரமும் அதன் வழியாக மெல்லப் போய்வரும். ஈரப்பதப் பையோடு சேர்த்து மூடி ஒட்டிய கனமான பிளாஸ்டிக் பைதான் உண்மையான காவல்.

இலையின் வகையும் சேர்ந்துகொள்ளும். கனெக்டிகட் ஷேட், கேமரூன் போன்ற மேலிலைகள் மெல்லியவை, சட்டென்று கோபித்துக்கொள்ளும் ரகம். பிராட்லீஃப் மாதிரித் தடித்த இலை அடியும் குலுக்கலும் ஓரளவு தாங்கும்.

ஆகவே பார்சல் கையில் சில்லென்று இருந்தாலோ, வெயிலில் கிடந்து சூடாக இருந்தாலோ, வெளிப்பெட்டியை மட்டும் படம் எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் பையைப் பிரிக்காமல் சில மணி நேரம் அறையில் அப்படியே விடுங்கள். காய்ந்து விறைத்த இலை, தொட்டாலே உடையும் நிலையில் இருக்கிறது. பதறாத காரியம் சிதறாது என்பது சுருட்டுக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும்.

புகார் எழுதும்போது

இங்கே பலரும் செய்வது, சுருட்டுகளையெல்லாம் எடுத்துத் தங்கள் பெட்டியில் அடுக்கிவிட்டு, அட்டைப் பெட்டியைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, அப்புறம் உடைந்த ஒன்றை மட்டும் மேசைமேல் வைத்துப் படம் எடுத்து அனுப்புவது. அந்தப் படத்தைப் பார்க்கிறவருக்கு அது எங்கே, எப்போது உடைந்தது என்று எப்படித் தெரியும்? கூரியர் நிறுவனம் இழப்பீடு தர வேண்டுமானால் அதற்குப் பெட்டியும் உள்ளே திணித்திருந்த காகிதமும்தான் சாட்சி. நசுங்கிய மூலை, முகவரிச் சீட்டு, சுங்கத்தில் பிரித்து மறுபடி ஒட்டிய டேப், பிரித்தவுடன் சுருட்டுகள் கிடந்த கிடை என்று இந்த வரிசையில் படம் வேண்டும். ஈரப்பதப் பையையும் எடுங்கள். அது மெத்தென்று இருந்தால் ஈரம் மிச்சம் இருக்கிறது, கல் மாதிரி இறுகியிருந்தால் ஈரம் தீர்ந்துவிட்டது. கடைசியாக, விரிசலுக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துக் கிட்டத்தில் ஒரு படம்.

கடிதம் நீளமாக வேண்டாம். “இன்ன எண்ணுள்ள ஆர்டர் இன்று வந்தது. பத்தில் நான்கு உடைந்திருக்கின்றன: மூன்றுக்கு அடி முனையில் 1 செ.மீ. விரிசல், ஒன்றுக்கு லேபிளுக்குக் கீழே பிளவு. பெட்டியைப் பிரித்த வரிசையில் படங்கள் இணைத்திருக்கிறேன். மாற்றுச் சுருட்டோ, அவற்றுக்கான பணமோ கிடைத்தால் போதும்.” இவ்வளவுதான். திட்டு, மிரட்டல், கிரெடிட் கார்டு கம்பெனியிடம் போவேன் என்ற எச்சரிக்கை எல்லாம் இரண்டாவது கடிதத்துக்கு மிச்சம் இருக்கட்டும்; பெரும்பாலும் இரண்டாவது கடிதம் தேவைப்படாது.

இதில் நாள் முக்கியம். எத்தனை மணி நேரத்துக்குள், எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று விற்பவரின் விதிகளில் இருக்கும். வார இறுதியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கெடு போய்விடும். ‘ஒன்றைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லலாம்’ என்பதும் வேண்டாம். புகைத்த சுருட்டுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். கேட்காமலேயே திருப்பி அனுப்பவும் கூடாது. புகையிலையைப் பார்சலில் அனுப்ப நாட்டுக்கு நாடு கட்டுப்பாடு, வயதுச் சான்று, எல்லை தாண்டினால் சுங்கம் என்று நிறைய இருக்கின்றன. விற்றவர் திருப்பி அனுப்பச் சொன்னால் அனுப்புங்கள், தூக்கிப் போடச் சொன்னால் அப்போது போடுங்கள்.

எது சேதம், எது இல்லை

கண்ணில் பட்டதையெல்லாம் குற்றப்பட்டியலில் சேர்ப்பது இன்னொரு தவறு. நரம்பு துருத்திய இலை, சின்ன நீர்ப்புள்ளி, பச்சைத் திட்டு, பக்கத்துச் சுருட்டைவிடக் கொஞ்சம் வெளிறிய நிறம் இவையெல்லாம் இலையின் இயல்பு. பற்றவைக்கும் முனையில் சில மில்லிமீட்டர் விரிசல் இருந்தால், அது முதல் சில நிமிடங்களில் எரிந்து சாம்பலாகிவிடும். புகாரில் அதைக் குறிப்பிடலாம், ஆனால் சுருட்டு போயிற்று என்று அழ வேண்டியதில்லை. வாய்முனைப் பக்கம் வரும் விரிசல்தான் தொல்லை. இழுக்கும்போது காற்று அந்த வழியாகப் புகும், புகை மெலியும், மேலிலை வாயிலேயே பிரியும்.

ஒன்றை மட்டும் விரிசலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கீறலாக இல்லாமல் குண்டூசியால் குத்தியது போல வட்டமான ஓட்டை, அதன் அடியில் நைசான தூள் இருந்தால், அது புகையிலை வண்டின் வேலை. லாசியோடெர்மா செரிகோர்னே என்பது அதன் அறிவியல் பெயர். 2, 3 மில்லிமீட்டரில் செம்பழுப்பு நிறத்தில் இருக்கும். இலையைத் தின்பது அதன் புழு. வளர்ந்த வண்டு ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். வெப்பம் 24, 25 டிகிரியைத் தாண்டினால் முட்டைகளுக்குக் கொண்டாட்டம். அதனால்தான் புதிதாக வந்ததை நேராகப் பழைய பெட்டியில் கலக்காமல், இரண்டு மூன்று வாரம் தனி டப்பாவில் வைக்கச் சொல்கிறார்கள். வண்டு இருப்பது உறுதியானால் அந்தப் பார்சலில் வந்த எல்லாவற்றையும் காற்றை வெளியேற்றி இரட்டைப் பையில் போட்டு, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் மூன்று நான்கு நாள் வைக்க வேண்டும். பிறகு ஒரு நாள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், அதற்கப்புறம் அறையில். ஃப்ரீசரிலிருந்து நேரே வெளியே எடுத்தால், வண்டு தப்பவிட்ட சுருட்டை நீங்கள் வெடிக்க வைப்பீர்கள்.

பஞ்சு மாதிரி நீலமும் பச்சையுமாகப் படர்ந்திருந்தால் பூஞ்சணம். அடிமுனைக்குள் அது தெரிந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

ஈரம் ஏற்றும் அவசரம்

என் இரண்டு சுருட்டுகளைக் கொன்றது இதுதான். காய்ந்த சுருட்டை அதிக ஈரத்தில் வைத்தால், திறந்த அடிமுனை வழியாக உள்ளிலைகள் ஈரம் குடித்து உப்பும். காய்ந்து விறைத்திருக்கும் மேலிலை அதற்கு இடம் கொடுக்காது. அதனால் முனை பிளக்கும். நல்லதைச் செய்கிறோம் என்ற நினைப்போடு செய்வதால் இந்தத் தவறை நாம் சந்தேகப்படுவதே இல்லை.

முதலில் 62 சதவீதப் பையோடு இரண்டு வாரம், அப்புறம் 65-க்கு மாற்றி இன்னும் சில வாரம். பலருக்கு அங்கேயே நிறுத்திக்கொள்ளத் தோன்றும், எனக்கும் அப்படித்தான். செல்லோஃபேனைக் கழற்ற வேண்டாம். ஈரம் ஏறும் வேகத்தை அது கொஞ்சம் தணிக்கும். போதுமா என்று விரலால் அமுக்கித்தான் பார்க்க வேண்டும் என்றில்லை. நகை நிறுக்கும் சின்னத் தராசு இருந்தால், உடையாத ஒரு சுருட்டை வாரம் ஒருமுறை நிறுத்து எழுதிவையுங்கள். எடை ஏறுவது நின்றால் ஈரம் சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள்.

ஈர ஸ்பாஞ்ச், பழத்துண்டு, தண்ணீர் தெளிப்பது எல்லாம் பூஞ்சணத்துக்கு அழைப்பிதழ். சாதாரண ஃபிரிட்ஜில் பாதுகாப்பதும் உதவாது, அதன் உள்காற்று பொதுவாக வறண்டது.

உங்கள் ஈரப்பதமானி உண்மை சொல்கிறதா என்று பார்க்காமல் விற்றவரைக் குறை சொல்வதும் உண்டு. ஒரு பாட்டில் மூடியில் உப்பு, சேறு மாதிரி ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர், பக்கத்தில் மானி, இரண்டையும் மூடிய பைக்குள் ஒரு நாள். 75 காட்ட வேண்டும். 69 காட்டினால் உங்கள் மானி ஆறு குறைத்துச் சொல்கிறது. அதை நம்பி நீங்கள் ஈரத்தை ஏற்றிக்கொண்டே போயிருப்பீர்கள். ஈரம் மிஞ்சிய சுருட்டு பற்றவைத்த பிறகு, சூட்டில் உள்ளே உப்பி நடுவில் வெடிக்கும். புது மரப்பெட்டி என்றால் வேறு சிக்கல். காய்ந்த மரம் சுருட்டின் ஈரத்தையே குடித்துவிடும். காலிப் பெட்டியில் 84 சதவீதப் பை போட்டு இரண்டு வாரம் பழக்கிய பிறகுதான் சுருட்டை உள்ளே விட வேண்டும்.

ஒட்டுப் போடுவது

ஒட்டுவது கடைசி வேலை. ஈரம் ஏற்றும் முன்பே ஒட்டினால், சுருட்டு உப்பும்போது ஒட்டுக்குப் பக்கத்திலேயே புதிதாகக் கிழியும். பசை என்றதும் கைக்குக் கிடைத்த ஃபெவிகாலையோ செல்லோ டேப்பையோ எடுக்காதீர்கள். ஒட்டியது அத்தனையும் எரிந்து புகையாகத்தான் வரும். எச்சில் தொட்டு ஒட்டுவது காய்ந்ததும் பிரிந்துவிடும். சுருட்டுச் சுற்றுகிறவர்களும் தாவரப் பசைதான் வைத்திருப்பார்கள். நமக்கு, ஜாம் கெட்டியாகச் சேர்க்கும் பெக்டின் தூள் ஒரு சிட்டிகை போதும். காய்ச்சி வடித்த நீரில் சில சொட்டு விட்டுக் குழைத்து, பத்து நிமிடம் ஊறினால் கூழாகிவிடும்.

சின்ன விரிசல் என்றால், தூரிகை நுனியால் பிளவின் ஓரத்துக்கு அடியில் பசையைத் தடவி, விரல் நுனியால் ஒரு நிமிடம் லேசாகப் பிடித்திருந்தால் போதும். இலை பிய்ந்தே போயிருந்தால் ஒட்டுத்துண்டு வேண்டும். வீணாய்ப்போன ஒரு சுருட்டின் மேலிலையை நனைத்து உரித்து, ஓட்டையைவிடக் கொஞ்சம் பெரிய முட்டை வடிவத் துண்டு வெட்டுங்கள். சதுரமாக வெட்டினால் மூலை தூக்கிக்கொள்ளும். நரம்பு ஓடும் திசை சுருட்டில் உள்ளதோடு ஒத்துப்போகட்டும். பின்பக்கம் மெல்லப் பசை பூசி வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவிவிடுங்கள். சரியாக அமைந்தால் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். லேபிள் பட்டையைக் கீழே நகர்த்தி விரிசலைக் கட்டிவைப்பது பழைய தந்திரம். அது நன்றாகவே வேலை செய்யும், நெருப்பு நெருங்கும் முன் கழற்ற மறக்காமல் இருந்தால்.

நீளத்தில் பாதிக்குமேல் பிளந்ததை ஒட்டிக்கொண்டிருக்காதீர்கள். போட்ட காசு வீணாகக் கூடாது என்று அதை இழுத்து முடிக்க நினைப்பதும் தவறுதான். ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவு புகையிலை இருக்கலாம். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் அபாயம் அதில் உண்டு. தாறுமாறாக, சூடாக எரியும் ஒன்றை வீம்புக்குப் பிடிப்பானேன்?

நான் எழுதிய கடிதத்தில் நான்கு என்று மட்டும்தான் எழுதினேன். நான்கும் மாற்றாக வந்தன, இந்த முறை ஈரப்பதப் பையோடு. என் விரலில் உடைந்த இரண்டும் டப்பாவின் ஓரத்தில் கிடக்கின்றன. அவற்றின் மேலிலை இதுவரை மூன்று சுருட்டுகளுக்கு ஒட்டாகியிருக்கிறது.