ஆயில் பெயின்ட்டில் ஒரு சீத்தாப்பழம்: புதியவர்களுக்கான செய்முறை

ஆயில் பெயின்ட்டில் தடிப்பாகத் தீட்டிப் பழக விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது சீத்தாப்பழம். முண்டும் முடிச்சுமான அதன் தோலில் ஒவ்வொரு புடைப்புக்கும் தனி வெளிச்சம், தனி நிழல். வழவழப்பான ஆப்பிளில் இந்தப் பயிற்சி கிடைக்காது.

வெளிச்சம் படும் இடத்தில் வண்ணம் தடிப்பாகவும் நிழலில் மெல்லியதாகவும் இருக்க வேண்டும். இதுதான் அடிப்படை. 17ஆம் நூற்றாண்டில் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் இந்த முறையில்தான் முகங்களுக்கு உயிர் கொடுத்தார். படம் முழுக்க ஒரே கனத்தில் அப்பினால், பழம் உருண்டு நிற்காது.

10×12 அங்குலக் கேன்வாஸ் போதும். கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு பூசியே இருக்கும். முரட்டு மயிர்த் தூரிகை ஒன்று, வண்ணம் கலக்கவும் அப்பவும் உதவும் சிறிய பாலெட் கத்தி, வண்ணத்தைக் கரைக்க டர்பன்டைன், பழந்துணி. வண்ணங்கள்: டைட்டானியம் வெள்ளை, லெமன் மஞ்சள், எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு). பச்சை டியூப் வாங்க வேண்டாம். நீலமும் ஓக்கரும் கலந்தால் வரும் மங்கிய பச்சைதான் இந்தப் பழத்துக்குப் பொருந்தும்.

பழத்தைக் காயாகவே வாங்குங்கள். கனிந்தால் தோல் பிளந்து கறுத்துவிடும். ஜன்னலோரம் வைத்து, மேல் விளக்கை அணைத்துவிடுங்கள். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் வந்தால்தான் புடைப்புகள் எழுந்து தெரியும்.

முதலில் அம்பரை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து வெளிக்கோட்டையும் நிழல் பக்கத்தையும் தீட்டுங்கள். புடைப்புகளை இப்போதே வரைய வேண்டாம். அம்பர் சீக்கிரம் காயும் நிறம். தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகே அடுத்த வேலை. ஆயில் பெயின்ட் ஆவியாகிக் காய்வதில்லை. அதிலுள்ள எண்ணெய் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அதனால் கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப் போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாறிப்போனால் நாளடைவில் வெடிப்பு விழும்.

அடுத்து, மங்கிய பச்சையைப் பழம் முழுக்க மெல்லியதாகப் பரப்புங்கள். புடைப்புகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் நீலமும் அம்பரும் கலந்த இருட்டு. இங்கே தடிப்பே கூடாது.

இனிதான் கத்தி வேலை. வெள்ளையோடு லெமன் மஞ்சளும் துளி நீலமும் கலந்து வெளிர்பச்சை தயாரியுங்கள். கலவை குழகுழவென்று இருந்தால் செய்தித்தாளில் சிறிது நேரம் வைத்திருங்கள். அதிக எண்ணெயைத் தாள் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு கத்தியின் அடிப்பக்கத்தில் கொஞ்சம் எடுத்து, புடைப்பின் வெளிச்சப் பக்கத்தில் வைத்து, லேசாக அழுத்தி, நேராகத் தூக்குங்கள். கத்தி விலகும்போது ஓரத்தில் ஒரு சிறு வரப்பு எழும். அதைத் தொடாதீர்கள்! ஜன்னல் வெளிச்சம் அந்த வரப்பில் பட்டுத் தன் நிழலைத் தானே விழவைக்கும். அந்த அழகைத் தூரிகையால் கொண்டுவர முடியாது. ஒரு புடைப்புக்கு ஒரே தொடுகை, ஒவ்வொரு முறையும் கத்தியைத் துடைக்க வேண்டும். நடுவில் அகலமாகத் தெரியும் புடைப்புகள் ஓரத்தை நெருங்க நெருங்க ஒடுங்கும். வண்ணத்தின் கனத்தையும் அதற்கேற்பக் குறையுங்கள்.

பின்னணிக்கு மெல்லிய பழுப்பு போதும்.

மேற்பரப்பு சில நாட்களில் காய்ந்ததுபோல் தோன்றினாலும், தடித்த இடங்களில் உள்ளே இறுக மாதக்கணக்காகும். வார்னிஷ் பூச ஆறு மாதமாவது பொறுங்கள். எண்ணெய் ஊறிய துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடவே கூடாது. உள்ளே சூடேறித் தானாகவே தீப்பற்றும். திறந்த வெளியில் விரித்துக் காயவைத்த பிறகே அப்புறப்படுத்துங்கள்.