பழைய அம்பாசிடரில் ஜெர்க்: நாலு நாள் அலைய வைத்த ஒயர்

கடலூரிலிருந்து புதுச்சேரி போகும்போது தென்பெண்ணைப் பாலம் தாண்டியதும் வண்டி ஜெர்க் அடிக்கும். ஐடிலில் சீராக ஓடும். ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தாலும் இழுக்கும். நடுவாந்திர வேகத்தில்தான் கோளாறு.

நாலு ஸ்பார்க் பிளக்கும் புதுசு போட்டு 0.6 மில்லிமீட்டர் கேப் வைத்தேன். ஸ்பார்க் வர மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும் தொடுமுனைதான் பாயிண்ட்; அதன் கேப் 0.4. பல்பு வைத்து ஸ்பார்க் வரும் டைமிங்கும் செட் செய்தேன். ஒன்றும் மாறவில்லை. கார்புரேட்டரையும் கழற்றி மாட்டினேன், ஒரு நாள் வீண்.

அப்புறம் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்கம் (காற்றை உறிஞ்சும்) குழாயைக் கழற்றி, கார்புரேட்டர் பக்கத்தை அடைத்துவிட்டு ஓட்டினேன். ஜெர்க் நின்றது! அங்கேதான் பிடி கிடைத்தது. பாதி ஆக்சிலேட்டரில் வேக்கம் இழுக்க, உள்ளே பாயிண்ட் தட்டு லேசாகத் திரும்பும். அந்தத் தட்டையும் டிஸ்ட்ரிபியூட்டர் பாடியையும் இணைக்கும் சின்ன எர்த் ஒயர் வெளியே நன்றாகத்தான் தெரிந்தது. விரலால் இழுத்தால் ரப்பர் போல நீண்டது. உறைக்குள் செம்பு அறுந்திருக்கிறது. தட்டு திரும்பும்போதெல்லாம் எர்த் விட்டுப்போகும், ஸ்பார்க் தப்பி வண்டி ஜெர்க் அடிக்கும்.

விறைப்பான ஒயர் அங்கே ஆகாது, சீக்கிரம் முறியும். மெல்லிய இழை நிறைய உள்ள ஒயரைக் கொஞ்சம் தளர்வாக விட்டு பற்றவைத்தேன். வேக்கம் குழாயை மாட்டிக்கொண்டு புதுச்சேரி போய் வந்தேன். ஒரு ஜெர்க் இல்லை. நிம்மதி.