கிளிநொச்சிக் கடை, முல்லைத்தீவுக் களஞ்சியம்: வி.பி.என். நாமே போடுவதா, வெளியே கொடுப்பதா?

எங்களுக்குக் கிளிநொச்சியில் கடை, முல்லைத்தீவில் களஞ்சியம். கடைக் கணினியில் உள்ள கணக்கைக் களஞ்சியத்திலும் திறக்க வேண்டும். இணையத்தின் ஊடாக, மற்றவர் எட்டிப் பார்க்க முடியாத பூட்டிய பாதை ஒன்று வேண்டும். அதுதான் வி.பி.என். அதை நாமே போட்டாலும், மாதக்காசுக்கு வெளி நிறுவனம் ஒன்றிடம் கொடுத்தாலும், விலைப்பட்டியல் கேட்க முன்னம் உங்கள் இணைய லைனைப் பாருங்கள்.

படி 1: கடை றவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள முகவரியை பிரவுசரில் அடித்து உள்ளே போங்கள். ‘வான் ஐபி’ எண்ணைக் (இணையப் பக்கம் றவுட்டருக்குக் கிடைத்த முகவரி) குறித்துக்கொண்டு, கூகுளில் ‘வாட் இஸ் மை ஐபி’ என்று தேடுங்கள். இரண்டும் ஒன்றென்றால் நல்லது. றவுட்டரில் 100.64 முதல் 100.127 வரையான தொடக்கம் இருந்தால், ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கிட்டுத் தந்திருக்கிறார்கள். சிம் போட்ட 4ஜி றவுட்டர்களில் இது சாதாரணம். அப்படியானால் வெளியில் இருந்து கடைக்கு நேரே இணைப்பு வராது. இணைய நிறுவனத்திடம் நிலையான ஐபி (மாறாத, உங்களுக்கே உரிய பொது முகவரி) கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் வெளியே கொடுப்பதே உத்தமம்.

படி 2: இரண்டு இடத்திலும் உள்முகவரி (றவுட்டர் தன் பக்கக் கணினிகளுக்குக் கொடுக்கும் முகவரியின் தொடக்கம்) வேறாக இருக்கட்டும். எங்களுக்கு இரண்டும் 192.168.1 என்றே இருந்தன. இணைப்புப் பச்சை காட்டியது, கணக்கு மட்டும் திறக்கவில்லை. ஒரு பகல் முழுக்க மினக்கெட்ட பிறகு களஞ்சியத்தை 192.168.20 ஆக்கினேன், உடனே திறந்தது.

படி 3: ஆளைத் தீர்மானியுங்கள். என் கணிப்பில் காசைவிட இதுதான் பெரிய கேள்வி. கரண்ட் போய் வந்து, ஐபி மாறி, இரவு எட்டு மணிக்கு இணைப்பு அறுந்தால் யார் பார்ப்பது? வேலையை விட்டுப் போன பெடியனின் வி.பி.என். சாவியை (இணைப்பைத் திறக்கும் இரகசியக் குறியீடு) அன்றைக்கே யார் நீக்குவது? பெயர் சொல்ல ஓர் ஆள் இருந்தால் நாமே போடலாம். இல்லாவிட்டால் மாதக்காசு கட்டுவது வீண்செலவல்ல.

படி 4: நாமே போடுவதென்றால் வயர்கார்ட் என்ற வி.பி.என். மென்பொருள் போதும். இலவசம், 2020இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கேர்னலிலேயே சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு சாவி: பொதுச்சாவியை மறுபக்கத்துக்குக் கொடுங்கள், தனிச்சாவியை வாட்ஸ்அப்பில்கூட அனுப்பாதீர்கள். கடை றவுட்டரில் யுடிபி 51820 போர்ட்டைத் (வயர்கார்ட் இணைப்பு உள்ளே வரும் வாசல்) திறந்துவிடுங்கள். களஞ்சியப் பக்கம் ‘கீப்அலைவ்’ 25 செக்கன் என்று வையுங்கள், சும்மா கிடந்தாலும் இணைப்பு உறங்காது.

வெளியே கொடுப்பதென்றால் கையெழுத்துக்கு முன்னம் கேளுங்கள்: சாவி யார் கையில்? கட்டணம் ரூபாயிலா டொலரிலா? விலகினால் அமைப்பு விபரம் எல்லாம் எழுத்தில் தருவீர்களா?

எதைத் தெரிவு செய்தாலும், வியாபாரம் குறைந்த ஒரு நாளில் கடை றவுட்டரை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள். களஞ்சியத்தில் யாரும் கைவைக்காமலே கணக்குத் திரும்பத் திறக்க வேண்டும்.