டியூபில் சாப்பிடுபவருக்கு எதற்குப் பல் விளக்க வேண்டும்?

"சாப்பாடே டியூப்லதானே போகுது சிஸ்டர், பல்லு எதுக்கு விளக்கணும்?" பக்கவாதம் வந்த அப்பாவுக்குத் துணையாக இருக்கும் மகனோ மகளோ வார்டில் கேட்கும் கேள்விதான் இது. தவறுகளில் பெரியதும் இதுதான்.

சோற்றை மெல்லும்போதே வாய் ஓரளவு சுத்தமாகிவிடும். மீதியை எச்சில் பார்த்துக்கொள்ளும். ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் உணவுக் குழாய்) போட்டவருக்கு மெல்லும் வேலையே இல்லை. ஆக்சிஜன் மாஸ்க், வாய் திறந்தபடி மூச்சு விடுவது, சில மருந்துகள் எல்லாம் சேர்ந்து எச்சிலையும் வற்ற வைத்துவிடும். நாக்கில் பொருக்குத் தட்டும், பல்லில் வழவழவென்று ஒரு படலம் படியும். அந்தப் படலம் முழுக்கக் கிருமி. விழுங்கத் தடுமாறுபவருக்கு அது எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்கும். இருமல்கூட வராமல் இறங்குவதும் உண்டு. அப்புறம் காய்ச்சல், மூச்சிரைப்பு, எக்ஸ்ரேயில் நிமோனியா.

சரி, விளக்கலாம் என்று முடிவு செய்தவர்கள் செய்வது அடுத்த தவறு: மல்லாக்கப் படுத்தவர் வாயில் தண்ணீரை ஊற்றிக் கொப்பளிக்கச் சொல்வது. எந்தக் கிருமியைத் தடுக்கப் பார்க்கிறோமோ அதை நாமே உள்ளே அனுப்புகிறோம். தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்துங்கள். உயர்த்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். குழந்தைகளுக்கான மெத்தென்ற பிரஷ் போதும். நனைத்து, உதறிவிட்டு, பேஸ்டைத் தொட்டும் தொடாமலும் வைத்துத் தேயுங்கள். துப்ப முடியாதவருக்கு நுரையே ஆபத்து. சக்ஷன், அதாவது வாயில் தேங்குவதை மெஷினால் உறிஞ்சி எடுப்பது, தேவைப்படுபவர் என்றால் நர்ஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

வாயால் சாப்பிடும் பக்கவாத நோயாளிக்கு, செயலிழந்த பக்கத்துக் கன்னத்தின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். காலையில் ஊட்டிய இட்லி மத்தியானம்வரை அங்கேயே இருக்கும். மாத்திரைகூட இருக்கலாம்.

விரலில் துணி சுற்றித் துடைப்பதும் வேண்டாம். நினைவு தெளியாதவர் கடித்தால் விடமாட்டார். துணிக்குப் பல் இடுக்கும் எட்டாது.

மவுத்வாஷ் ஊற்றினால் பிரஷ் வேண்டாம் என்ற நினைப்பு ஆஸ்பத்திரிகளிலேயே உண்டு. வென்டிலேட்டர் நோயாளிகளுக்குக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியை வாயில் தடவுவது வெகுகாலம் வழக்கமாக இருந்தது. 2022இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல், குளோர்ஹெக்சிடின் இல்லாமல் பிரஷ் போட்டுத்தான் விளக்கச் சொல்கிறது. எலுமிச்சை கிளிசரின் பஞ்சு வாயை இன்னும் உலர்த்திவிடும். உதட்டுக்கு ஏதாவது தடவ வேண்டுமானால் நர்ஸிடம் கேட்டுத் தடவுங்கள்.

ரத்தத் தட்டணுக்கள் குறைந்தவர், ஈறில் ரத்தம் கசிபவர் என்றால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். நாக்கில் தயிர்த்திட்டு போல வெள்ளை படிந்திருந்தால் அழுத்திச் சுரண்டாமல் அவரிடம் காட்டுங்கள். பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். வாயைத் தொடும் முன்பும் பின்பும் கை கழுவுவதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

கடைசியாகப் பல்செட். இரவில் கழற்றி, தேய்த்துக் கழுவி, பெயர் எழுதிய மூடி போட்ட டப்பாவில் சாதாரணத் தண்ணீரில் போடுங்கள். வெந்நீரில் போட்டால் வடிவம் கோணிவிடும். டிஷ்யூவில் சுற்றித் தலையணையடியில் வைத்தால், படுக்கை விரிப்பு மாற்றும்போது குப்பையோடு போய்விடும். பிறகு அந்தத் தாத்தாவுக்குக் கஞ்சிதான்.