பழைய பருத்தி ஜெர்கினுக்கு அளவு திருத்திச் சாயம் ஏற்றும் முறை

வெயிலிலும் மழையிலும் பல ஆண்டுகள் உழைத்து வெளுத்துப்போன ஜெர்கினைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. துணி இற்றுப்போகாமல் இருந்தால், அளவைத் திருத்திப் புதுச் சாயம் ஏற்றி, மலையேற்றத்துக்கும் பைக் பயணத்துக்கும் மறுபடியும் அணியலாம். வேலையின் வரிசை மட்டும் மாறக் கூடாது: முதலில் வெந்நீர்த் துவைப்பு, அடுத்து அளவு திருத்தம், பிறகு சாயம், கடைசியில் தூறலைத் தாங்க மெழுகு. துவைக்காமல் அளவெடுத்தால், பின்னால் வெந்நீர் பட்டுத் துணி சுருங்கும்போது போட்ட கணக்கு பிசகிவிடும். சாயம் ஏற்றிய பிறகு தையலைப் பிரித்தால், மடிப்புக்குள் சாயம் புகாமல் கிடந்த பழைய நிறம் கோடாக வெளியே தெரியும்.

எல்லா ஜெர்கினும் இதற்கு ஏற்றதல்ல. உள்பக்கம் ரப்பர்போல் பூச்சு உள்ளதும், தையலின் மேல் பட்டை ஒட்டி நீர் புகாமல் செய்ததுமான மழை ஜெர்கின்களை விட்டுவிடுங்கள். சூட்டில் பூச்சு உரியும், புதிதாகத் தைக்கும் ஒவ்வொரு ஊசித் துளையிலும் தண்ணீர் கசியும். லேபிள் அழிந்துபோயிருந்தால், உள்மடிப்பிலிருந்து இரண்டு இழைகளை உருவி, இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி இழை காகிதம்போல் எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும் சாம்பலைத் தரும். பாலியஸ்டரும் நைலானும் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். சாம்பலும் மணியும் கலந்து வந்தால் அது கலப்புத் துணி. அமெரிக்க ராணுவத்தின் எம்-65 ஜெர்கின் பாதி பருத்தி, பாதி நைலான். மலையேறுவோர் விரும்பும் ஃபியால்ராவன் நிறுவனத்தின் ஜி-1000 துணியில் பாலியஸ்டர் 65 சதவீதமும் பருத்தி 35 சதவீதமும் உள்ளன. பருத்திக்கான சாயத்தை இவற்றில் ஏற்றினால் பருத்தி இழை மட்டுமே அதை வாங்கும் என்பதால், நிறம் எதிர்பார்த்ததைவிட வெளிறித்தான் இருக்கும். இங்கே சொல்லும் முறை முழுப் பருத்திக்கு உரியது.

துவைத்துக் காய்ந்த ஜெர்கினை உள்வெளியாகத் திருப்பி, குளிருக்கு உள்ளே அணியும் ஸ்வெட்டரின் மேலேயே போட்டுக்கொண்டு, வேறொருவரைக் கொண்டு பக்கங்களில் குண்டூசி குத்தச் சொல்லுங்கள். ஸ்வெட்டர் இல்லாமல் அளவெடுத்தால், மலையில் குளிரடிக்கும்போது ஜிப்பை மூட முடியாமல் போகும். பக்கத் தையலை 1 செ.மீ. உள்ளே தள்ளினால் முன்துணியில் ஒன்றும் பின்துணியில் ஒன்றுமாக 2 செ.மீ. குறையும், இரண்டு பக்கமும் சேர்த்து மார்புச் சுற்றில் 4 செ.மீ. போய்விடும். இந்தக் கணக்கை மறந்து, குறைக்க வேண்டிய 4 செ.மீ.யையும் ஒவ்வொரு தையலிலும் பிடித்துவிட்டால், மார்புச் சுற்றில் 16 செ.மீ. குறைந்து, சட்டை பயன்படாமல் போகும்.

பல ஜெர்கின்களில் கைமணிக்கட்டில் தொடங்கி அக்குள் வழியாகக் கீழ் ஓரம்வரை ஒரே தையல் ஓடும். அப்படி இருந்தால் அந்த ஒரு தையலை மட்டும் பிரித்து, கையையும் உடலையும் ஒரே வளைவாக ஒடுக்கலாம். அக்குளில் அதிகம் பிடிக்காதீர்கள். கையை உயர்த்தும்போது சட்டை முழுவதும் மேலே ஏறிவிடும். முதலில் நீளத் தையலாகக் கையால் ஓட்டி, அணிந்து, இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்த பிறகே மெஷினில் 16-ஆம் எண் ஊசி போட்டு இரட்டைத் தையல் அடியுங்கள்; அதன் பிறகே மிச்சத் துணியை வெட்டுங்கள். பாலியஸ்டர் நூல் இந்தச் சாயத்தை ஏற்காது. ஆனாலும் வலுவுக்கு அதுவே நல்லது என்பதால், சாயம் ஏற்றியபின் வரப்போகும் நிறத்திலேயே நூலை வாங்கிக்கொள்ளுங்கள். பழைய தையல்கள் பழைய நிறத்திலேயே நிற்கும். அது துணிக்கு ஓர் அழகைத் தருகிறது என்பது என் எண்ணம்.

சாயம் நிறத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. காக்கியின் மேல் நீலம் ஏற்றினால் பச்சை கலந்த நிறமே வரும். ஆகவே கறுப்பு, அடர் பழுப்பு, கரும்பச்சை ஆகியவையே நம்பத் தகுந்தவை. பருத்திக்கு, 30 முதல் 40 டிகிரி வெப்பத்தில் பிடிக்கும், இழையோடு வேதிமுறையில் பிணையும் ரியாக்டிவ் சாயமே சிறந்தது. 1 கிலோ எடையுள்ள உலர்ந்த ஜெர்கினுக்கு 20 லிட்டர் நீர், 1 கிலோ தூள் உப்பு, சாயத்தை இழையில் பிடிக்கவைக்கும் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) 200 கிராம், நடுத்தர நிறத்துக்கு 20 முதல் 30 கிராம் சாயம் தேவை. கறுப்புக்குச் சாயம் மட்டும் 60 முதல் 80 கிராம். ஆப்ப சோடா வேறு, அது இதற்கு உதவாது. சோடா ஆஷ் அலுமினியத்தை அரிக்கும் என்பதால் பிளாஸ்டிக் தொட்டியோ எவர்சில்வர் அண்டாவோ வேண்டும். அதைப் பிறகு சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. சாயப்பொடி மூச்சில் ஏறினால் ஒவ்வாமை தரும். முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம். போர் தண்ணீர் உப்புக் கடினமாக இருந்தால் நிறம் திட்டாகப் படியும். பிடித்துவைத்த மழைநீர் மிகவும் ஏற்றது.

ஜெர்கினை முழுவதும் நனைத்துப் பிழிந்து, ஜிப்பைத் திறந்து, சாயமும் உப்பும் கரைத்த நீரில் அமிழ்த்தி, அரை மணி நேரம் விடாமல் புரட்டுங்கள். காலர், பாக்கெட் மூடி போன்ற பல அடுக்கு இடங்களில் காற்றுக் குமிழ் தங்கும். அவற்றை விரலால் அழுத்தி வெளியேற்றாவிட்டால் அங்கே வெள்ளைத் திட்டு விழும். பிறகு துணியை ஒருபுறம் ஒதுக்கி, தனியே கரைத்த சோடா ஆஷை மூன்று தவணையாக ஊற்றுங்கள். நேராகத் துணிமேல் ஊற்றினால் அந்த இடம் மட்டும் கறுத்துவிடும். மேலும் ஒரு மணி நேரம் புரட்டிய பின் குளிர்ந்த நீரில் உப்பு போக அலசி, அடுத்துச் சலவைத்தூள் கலந்த சுடுநீரில், நீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப அலசுங்கள். ஈரத்தில் நிறம் அடர்த்தியாகத் தெரியும் என்பதால், நிழலில் உலர்ந்த பிறகே போதுமா என்று முடிவு செய்யுங்கள்.

சாயநீரைத் தோட்டத்திலோ கிணற்றருகிலோ கொட்டாதீர்கள். சாயக்கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்ததில் நிறத்தைவிட உப்புக்கே பெரும்பங்கு உண்டு. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரிக்கத் தவறிய திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. வீட்டில் மிஞ்சுவது ஒரு தொட்டி நீர்தான் என்றாலும், அது பாதாளச் சாக்கடை இணைப்பு வழியாகவே போக வேண்டும்.

மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. பாத்திக் வேலையின் அடிப்படையே அதுதான். எனவே மெழுகு பூசுவது கடைசி வேலை. ஒன்பது பங்கு பாரஃபினும் ஒரு பங்கு தேன்மெழுகும் சேர்த்து உருக்கி ஆறவைத்த கட்டியை, தோள், தலைமூடி, கைமூட்டு ஆகிய இடங்களில் அழுத்தித் தேய்த்து, பழைய துணியை மேலே போட்டு மிதமான சூட்டில் இஸ்திரி பிடியுங்கள். மெழுகு துணிக்குள் இறங்கித் தூறலைத் தாங்கும், அடைமழையைத் தாங்காது. அதன் பிறகு குளிர்ந்த நீரிலேயே துவைத்து வாருங்கள். தண்ணீர் முத்தாக நிற்காமல் ஊறத் தொடங்கும்போது, அந்த இடங்களில் மட்டும் மறுபடியும் பூசினால் போதும்.