பழைய டிடெக்டரா, புதுசா? வீட்டுத் தோட்டத்திலேயே சோதித்துப் பார்ப்பது எப்படி

பழைய மெட்டல் டிடெக்டர் ஒன்று கையில் இருக்கிறது, புதுசு வாங்கினால் இன்னும் ஆழத்தில் கிடக்கும் காசு அகப்படுமா? ஆழத்துக்காக மட்டும் என்றால் வாங்க வேண்டாம். ஆணியும் தகரமும் மண்டிய இடத்தில் தேடப் போகிறீர்கள், அதுவும் நம் செம்மண்ணில் என்றால் புதுசுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. என் பேச்சை நம்ப வேண்டியதில்லை, ஒரு மாலைப் பொழுது போதும், நீங்களே பார்த்துவிடலாம்.

மண்ணைத் தொடுவதற்கு முன்

இலங்கையில் இதை விளையாட்டாக எடுக்க முடியாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருள் தொல்பொருள். அதைத் தேடித் தோண்ட, காணி உங்களுடையதாகவே இருந்தாலும், தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். பாழடைந்த விகாரை, பழைய கோட்டை, கல்வெட்டு இருக்கிற பக்கம் மெஷினோடு தலைவைத்தும் படுக்காதீர்கள். புதையல் தோண்ட வந்தவர் என்றுதான் பொலிஸ் பிடிக்கும். தேயிலைத் தோட்டம் என்றால் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மெஷினை வெளிநாட்டிலிருந்து எடுப்பதாக இருந்தால் காசு கட்டுவதற்கு முன்பே சுங்கத்தில் விசாரியுங்கள்.

நாம் தேடுவது தோட்டத்தில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலும், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்திலும், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து இஸ்தோப்புக்கு (முன் திண்ணைக்கு) முன்னாலும் மடியிலிருந்து நழுவிய சதங்களைத்தான்.

காசைப் பிரியுங்கள்

வீட்டில் இருக்கிற பழைய சில்லறையைக் கொட்டி ஒரு காந்தத்தைக் கிட்டே கொண்டுபோங்கள். செம்புச் சதம், 1892இலிருந்து வந்த வெள்ளிக் காசு, சதுர 5 சதம், 1963இல் வந்த அலுமினிய 1 சதம், 2 சதம் எல்லாம் அசையாது. 2005இல் வந்த 1 ரூபாய், 5 ரூபாய் ஓடி வந்து ஒட்டும், ஏனென்றால் அவை முலாம் பூசிய உருக்கு. இரும்பை ஒதுக்கும்படி மெஷினை வைத்தால் இவையும் சேர்ந்து ஒதுங்கலாம், அல்லது என்ன உலோகம் என்று திரையில் காட்டும் எண் நிலையில்லாமல் துள்ளும். ஆகவே ஒட்டாத காசு ஒன்று, ஒட்டுகிற காசு ஒன்று எடுத்து வையுங்கள்.

சோதனைப் பாத்தி

இரண்டு மீற்றர் நீளமான ஒரு துண்டு நிலம் போதும். அதை முதலில் மெஷினால் அலசி, கிடைக்கிற ஆணி, போத்தல் மூடி, கவ்வாத்துக் கத்தித் துண்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பிறகு ஒரே மாதிரியான மூன்று செம்புச் சதங்களை 10, 15, 20 சென்டிமீற்றர் ஆழத்தில், ஒன்றுக்கொன்று தள்ளிப் புதையுங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு மூங்கில் குச்சி. ஆணியை அடையாளமாக நட்டு வைக்காதீர்கள்!

இரண்டு மெஷினிலும் கொயில், அதாவது நிலத்துக்கு மேலே வீசும் தட்டு, ஏறத்தாழ ஒரே அளவாக இருக்க வேண்டும். பெரிய கொயில் போட்ட புதுசையும் சின்னக் கொயில் போட்ட பழசையும் வைத்து ஒப்பிட்டால் கொயிலைத்தான் ஒப்பிட்டதாக ஆகும்.

அடுத்தது கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணின் சத்தத்தை மெஷின் கண்டுகொள்ளாதபடி சரிசெய்வது. செம்மண்ணில் இருக்கும் இரும்பு, காசே இல்லாத இடத்திலும் மெஷினைப் பேச வைக்கும். ஆணி, தகரம் எதுவும் புதைந்திராத இடத்தில் மண்ணுக்கு மேலே கொயிலை ஏற்றி இறக்கி, சத்தம் அடங்கும் வரை சரிசெய்யுங்கள். பெரும்பாலான புது மெஷின்களில் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு ஏற்றி இறக்கினால் தானாகவே செய்துகொள்ளும். கரெட் ஏஸ் 250 போன்ற பழைய மலிவு மெஷினில் இது தொழிற்சாலையில் வைத்தது வைத்ததுதான், மாற்ற முடியாது. மலைநாட்டில் அந்த மெஷின் பின்தங்குவதற்கு வயதைவிட இதுதான் காரணம்.

சரி, இப்போது கொயிலை நிலத்துக்குச் சமாந்தரமாக, மெதுவாக வீசுங்கள். 10 சென்டிமீற்றரில் இரண்டும் கத்தும். 20இல் பழசு முனகலாம், புதுசு கொஞ்சம் தெளிவாகச் சொல்லலாம், அவ்வளவுதான். கொயில் அனுப்பும் காந்தப்புலம் போகும்போதும் நலிகிறது, காசிலிருந்து திரும்பும்போதும் நலிகிறது. கொயிலின் அளவைத் தாண்டிய ஆழத்தில் தூரம் இரட்டிப்பானால் சமிக்ஞை ஏறத்தாழ 64இல் ஒரு பங்காகிவிடும். எந்தக் கம்பனியும் இந்தக் கணக்கை மாற்றவில்லை. 'இரண்டு மடங்கு ஆழம்' என்று விளம்பரம் செய்தால் சிரித்துவிட்டுப் போங்கள்.

ஆணிச் சோதனை

வித்தியாசம் தெரிவது இங்கேதான். ஒரு பலகையில் காந்தத்தில் ஒட்டாத காசை வைத்து, அதைச் சுற்றி ஐந்து சென்டிமீற்றர் தள்ளி துருப்பிடித்த கூரை ஆணி மூன்றைப் போடுங்கள். கொயிலை நான்கு திசையிலிருந்தும் வீசிப் பாருங்கள்.

ஆணியின் சத்தத்திலிருந்து மீண்டு அடுத்த பொருளைச் சொல்ல மெஷினுக்கு ஒரு கணம் தேவை. மீளுவதற்குள் கொயில் காசைத் தாண்டிவிட்டால் காசு இல்லாத மாதிரியே இருக்கும். 2008இல் வந்த மைன்லாப் ஈ-ட்ராக் ஆழத்தில் நல்ல மெஷின், ஆனால் இங்கே மிகவும் மெதுவாக வீச வேண்டும். 2018இல் வந்த ஈக்வினொக்ஸ், அதேபோல எக்ஸ்பி டீயஸ், வீசும் வேகத்திலேயே ஆணிக்கும் காசுக்கும் தனித்தனியாகச் சத்தம் கொடுக்கும். லயத்தைச் சுற்றி எத்தனை தலைமுறைத் தகரம், எத்தனை ஆணி கிடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பழையது எல்லாமே மந்தம் என்று நினைக்க வேண்டாம். திரையே இல்லாத டெசோரோ மெஷின்கள் சில ஆணிக்கிடையில் கெட்டிக்காரர்கள். ஒரே நேரத்தில் பல அலைவரிசையில் வேலை செய்வதும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை, 1990களிலேயே மைன்லாப் செய்ததுதான்.

அப்புறம் ஒட்டுகிற ரூபாயையும் அதே பலகையில் வைத்துப் பாருங்கள். இதில் புதுசு, பழசு இரண்டுமே தடுமாறும்.

வாங்குவதா, வேண்டாமா?

உங்கள் பழசில் கிரவுண்ட் பேலன்ஸ் இருந்து, ஆணிச் சோதனையில் நான்கில் மூன்று திசையிலாவது காசைச் சொன்னால் அதையே வைத்துக்கொண்டு ஒரு சின்னக் கொயில் வாங்குங்கள். சொல்லவில்லை என்றால், அல்லது ஏற்றத்தில் தூக்கிக்கொண்டு அலையும்போது தோள்பட்டை கழன்றுவிடுகிறது என்றால், மாற்றலாம். மைன்லாபின் சீடிஎக்ஸ் 3030 இரண்டு கிலோவுக்கு மேல், ஈக்வினொக்ஸ் 800 சுமார் 1.3 கிலோ. காலையில் தெரியாது, பின்னேரம் தெரியும். அதோடு ஈக்வினொக்ஸை மூன்று மீற்றர் வரை தண்ணீரில் இறக்கலாம். நம் மழைக்கு அது போதுமானதற்கும் மேலே.

பாவித்த மெஷின் வாங்கும்போது, கேபிள் கொயிலுக்குள் நுழையும் இடத்தை மெதுவாக வளைத்துப் பாருங்கள், கரகரத்தால் விட்டுவிடுங்கள். பெட்டரிப் பெட்டியைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஈரமும் பனியும் உள்ள ஊரில் முதலில் கெடுவது அதுதான்.