நிலைவாசலில் அப்பாவின் கால் ஒட்டிக்கொண்டபோது

அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய்; உடல் அசைவைப் பாதிக்கும் மூளை நோய் அது. கல்லிடைக்குறிச்சி வீட்டுக் கூடத்தில் நன்றாக நடப்பார். நிலைவாசல் வந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். “எட்டு வைங்கப்பா” என்று அவசரப்படுத்தினால் இன்னும் மோசம்.

பாளையங்கோட்டை பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி போனில் சீரான தாளத்தில் ‘டிக் டிக்’ என்று ஒலிக்கும் மெட்ரோனோம் ஆப் போட்டேன். அப்பா இயல்பாக நடக்கையில் நிமிடத்துக்கு எத்தனை எட்டு என்று எண்ணி, அதே வேகத்தை வைத்தேன். மூளையில் அசைவுக்கு உதவும் டோபமின் என்ற ரசாயனம் குறைந்து நடையின் உள்தாளம் தப்பும்போது, வெளியிலிருந்து வரும் ‘டிக் டிக்’ அந்த இடத்தை நிரப்புகிறது. நிலைவாசல் முன்னால் ஓர் எட்டு இடைவெளியில் குறுக்காகப் பளிச்சென்ற டேப்பும் ஒட்டினேன். கோட்டைத் தாண்டு என்றால் கால் எழும்புகிறது! இப்போது திண்ணைக்குத் தானாகவே வருகிறார். எனக்கு அது பெரிய நிம்மதி.

மாத்திரை வேலை செய்யும் நேரத்தில்தான் பயிற்சி. இயர்போன் வேண்டாம், ஸ்பீக்கர் போதும். நாம் கூப்பிடுவது அவர் காதில் விழணுமே. பக்கத்தில் ஓர் ஆள் கட்டாயம் நிற்கணும்.